கூழ் ஊற்றுகிறவள் சொல்லும் எண்

அடுத்தவர் எழுதினதை டைப் அடிக்கிறவளுக்குக் கை மட்டும்தான் உண்டு, தலை கிடையாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. என்னோடு டைப் அடித்துத் தேய்ந்த சகோதரிகளுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

கமா பார்க்கும் வேலை

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, செங்கல்பட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்த சமயம். 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழிக்கு இங்கிலீஷில் கையேடு அடிக்கிற வேலை. அதில் பழைய ஃபங்ஷன் ஒன்று, அதாவது கம்ப்யூட்டருக்கான ஒரு கட்டளை, எழுத்து வைக்கிற பெட்டி எத்தனை பெரிசு என்று கேட்காமலே எழுத்துகளைக் கொட்டி, பக்கத்துப் பெட்டியையும் நாசமாக்குமாம். புதுசு அளவு கேட்டு, நிரம்பினதும் நிறுத்திவிடும். பாதுகாப்பானது. "எழுதின எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும்" என்று இன்ஜினியர் சேகர் எழுதிக் கொடுத்தார்.

"இடம் பத்தலைன்னா மிச்ச எழுத்து எங்க சார் போகும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் புரோகிராமருக்குத் தெரியும்மா. நீங்க கமா, புள்ளி பாருங்க, போதும்."

கரையில் நின்ற படகு

அந்தக் கையேட்டை நம்பி, புதுசாகச் சேர்ந்த தேவி மீனவர் சங்கத்துக்கு அடையாள அட்டை அடிக்கிற புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். நீளமான விலாசமெல்லாம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. ஒருநாள் கொக்கிலமேடு மீனவர் குப்பத்திலிருந்து அஞ்சலை அட்டையோடு வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் அட்டையில் ஊர்ப் பேரே இல்லை. ஊர் இல்லாத அட்டைக்கு மானிய டீசல் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். நாலு நாளாகப் படகு கரையில்.

"பாதுகாப்பான ஃபங்ஷன்தானே போட்டோம்? மெஷின் ஒண்ணும் நின்னுபோய் விழலையே!" என்றார் மேனேஜர்.

"மிஷினு வுழல நைனா. என் வூட்டுக்காரருதான் கரையில வுழுந்து கெடக்குறாரு!"

கையேட்டில் கூழா?

சேகர் சோதித்துப் பார்த்தார். அந்தப் புது ஃபங்ஷன் திருப்பித் தருவது எழுதின எண்ணிக்கை இல்லை. முழுசாக எழுதியிருந்தால் எத்தனை எழுத்து வந்திருக்கும் என்ற எண்ணிக்கை. அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கோ ஆடி மாதம் அம்மன் கோயில் வாசல்தான் ஞாபகம் வந்தது. கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "கூழ் ஊற்றுகிறவள் தூக்குச்சட்டி நிரம்பினதும் நிறுத்திவிடுவாள். ஆனால் உங்கள் வீட்டுக்கு மொத்தம் எத்தனை கரண்டி வேணும் என்று சொல்லுவாள். அதைக் காதில் வாங்காமல் போனால் வீட்டில் பாதிப் பேர் பட்டினி."

மேனேஜர் கூழைக் கோடு போட்டு அடித்துவிட்டார். ஆனால் "வரும் எண்ணைப் பெட்டியின் அளவோடு ஒப்பிடுக, அதற்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது" என்று சேகர் சேர்த்த வரி, உதாரணத்தோடு கையேட்டில் தங்கிவிட்டது. தேவி அதைப் பார்த்துப் புரோகிராமைத் திருத்தி, புது அட்டை அடித்தாள். அஞ்சலை அதை வாங்கி, ஊர்ப் பேரைக் கடைசி எழுத்து வரைக்கும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். புதுப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்ற இடத்தில் மேனேஜர் எழுதச் சொன்னது இவ்வளவுதான்:

"சில சிறு எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டுள்ளன."

அந்தச் சிறு பிழை இப்போது டீசல் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய் வருகிறது, அம்மன் அதற்குத் துணையிருக்கட்டும்.