தையல்காரி ஏறிய மூன்று மாடி

“கோணல் தையலைக் கொண்டுவந்து ஆண்டவர் மேசையில விரிப்பீங்களா ஐயா? அப்போ இருபது வருஷமா நான் தைச்சுக் கொடுத்ததுக்கு என்ன மரியாதை?”

கோவிலுக்குள்ளேயே போதகரிடம் இப்படிச் சீறியவள் எங்கள் தெருத் தையல்காரி. அப்பமும் ரசமும் வைக்கிற திருவிருந்து மேசைக்கு வருஷாவருஷம் வெள்ளை விரிப்பு தைப்பவள் அவள்தான். அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண் ஒருத்தி கையாலேயே ஒன்று தைத்துக் கொடுக்க, போதகர் அதை விரித்துவிட்டார். அதைத் தைத்த அந்தப் பெண் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் கோவில் பக்கம் தலைகாட்டவில்லை.

“அண்ணி, நீங்க இத்தனை வருஷம் மேசையில விரிச்சது துணியையா, உங்க பேரையா?” என்று தையல்காரியின் நாத்தனார் கேட்டாள்.

தையல்காரி பழைய விரிப்புகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் அவள் பெயர், ஆண்டவர் கண்ணில் படாமல் போய்விடுமோ என்பதுபோல மேல்பக்கமாகவே இருந்தது.

தெருவே பயப்படும் வாய் அது. அந்த வாயோடும் வலிக்கிற முட்டியோடும் மூன்று மாடி ஏறிப்போய் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அன்னிக்கு நான் பேசினது திமிரு. மனசுல வச்சுக்காதம்மா, கோவிலுக்கு வா.”

“என்கிட்ட மெஷின் இல்லக்கா. கையில தைச்சா கோணத்தான் செய்யும்.”

“கோணட்டும். அடுத்த வருஷமும் நீதான் தைக்கணும். இஸ்திரி நான் போட்டுத் தர்றேன்.”

“மூலையில யாரு பேரு போடணும்க்கா?”

“ஒருத்தர் பேரும் வேண்டாம்டி” என்று தையல்காரி சிரித்துவிட்டாள்.

அப்படி ஒரு குத்தலை வாங்கிக்கொண்டு சிரிக்க எத்தனை பேரால் முடியும்? அன்றைக்கே அவளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். பேரம் பேசாமல் வாங்கிக் கொடுத்த வெள்ளைத் துணி, மீட்டர் நூற்று எண்பது ரூபாய்.