மாட்டு விலைக்கு ஒரு பொம்மை

பட்டுப்புடவை அடுக்குகிற பீரோவின் மேல்தட்டில் என் கணவர் ஒரு பொம்மையை வைத்திருந்தார். அதற்கு இடம் விட்டு என் புடவைகள் கீழே இறங்கின. கொம்பு வைத்த தலைக்கவசமும் கையில் ஈட்டியுமாக ஒரு வேட்டைக்காரி. அவர் விடிய விடிய ஆடுகிற வீடியோ கேமில் வருகிறவளாம். இதைக்கூட அட்டைப்பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே இருப்பவளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய மகராசனும் பார்த்ததில்லை.

"பிரிக்காம வெக்கறதுக்கு என்னத்துக்குங்க பொம்மை?" என்று கேட்டேன்.

"பிரிச்சா வெல போயிரும். லிமிடெட் எடிஷன் இது. ஒலகத்துக்கே சில நூறுதான் பண்ணுனாங்க. இனிப் பண்ண மாட்டாங்க."

என்ன விலை என்று கேட்டதற்கு முதலில் பாதியைச் சொன்னார். மீதிப் பாதி கஸ்டம்ஸ் வரியோடு சேர்ந்து மெதுவாக வெளியே வந்தது. ஒரு கறவை மாடு வாங்கலாம் அந்தக் காசில். பிளாஸ்டிக்குக்கும் பெயின்டுக்கும் அவ்வளவா என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். ஒரு வாரம் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தினேனே தவிர, சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. அவரும் கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போவதும் வருவதுமாக, தலையைக் குனிந்தபடியே அந்த வாரத்தை ஓட்டிவிட்டார்.

எங்கள் ஊர் கேரள எல்லையோரம், வேலந்தாவளத்தை ஒட்டி இருக்கிறது. கேரளா என்றால் மழை என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் வந்து பார்க்க வேண்டும். அந்த வருடம் பழைய போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. தோப்பின் கிழக்கு வரிசையில் தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. அந்த வரிசை முழுக்க மாமனார் தன் கையால் குழி தோண்டி வைத்தது. தினமும் காலையில் போய் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். வந்தால் காப்பியைக்கூடக் கேட்க மாட்டார்.

ஒருநாள் சொன்னார். "இன்னொரு போர் போட்டாத்தான் ஆவுமுங்க அம்மிணி. சீர் மாட்டத்தான் குடுக்கோணும்."

அது என் மாடு. கல்யாணத்துக்கு என் வீட்டில் சீராகக் கட்டிவிட்ட கன்று. என் அப்பா மாட்டு வியாபாரி. இருந்த கன்றுகளில் நல்லதைப் பொறுக்கி, இது உனக்கு என்று கயிற்றை என் கையில் கொடுத்தவர். இந்த வீட்டில் யார் முகமும் எனக்குப் பழகாத நாட்களில் நான் கட்டுத்தறியில்தான் போய் நிற்பேன். இப்போது அது மூன்றாம் சினை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மரங்களையும் நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே என் கணவர் சொன்னார். "பொம்மைய வித்துப்போடலாம்."

கட்டிய நாளிலிருந்து அவர் பேசியதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அதுதான். வாங்கியதைவிட விலை இப்போது ஏறியிருக்கிறதாம். இப்படிப் பொம்மை சேர்க்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடிப் பேசுகிறார்கள். படம் போட்டதும் கொச்சியிலிருந்து ஒரு பையன் தொண்ணூறாயிரம் என்றான். சந்தைக்கு முந்தின நாள் நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மாமனாரிடம் சொன்னோம். பொம்மைக்கா என்று ஒரு தரம் சிரித்தார். பிறகு, "வித்தா மாடு நிக்கட்டும். இல்லீன்னா விடியால சந்தைக்கு ஓட்டோணும்," என்றார். போர் வண்டிக்காரனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதரிடம் போய், இதைப் பார்க்காமல் விற்றால்தான் விலை என்று எந்த வாயால் சொல்வது?

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன பையன் மூன்று மணிக்கு வந்தான். அந்த நான்கு மணி நேரமும் நான் வாசலுக்கும் கட்டுத்தறிக்கும் நடையாய் நடந்தேன். வந்தவன் காலைக்கூடக் கழுவவில்லை. பெட்டியை டீப்பாய் மேல் வைத்து, சின்ன டார்ச்சை அடித்து நான்கு மூலைகளையும் பார்த்தான். ஒட்டியிருந்த சீல் ஸ்டிக்கரை நகம் படாமல் தடவினான். ஒரு மூலையில் சிறிய மடிப்பு. அதைப் பார்த்து அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு பரவாயில்லை என்று தலையாட்டினான்.

"குழப்பமில்லா, சேட்டா. பைசா இப்போ அயக்காம்."

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். பணம் அனுப்ப இரண்டு பேரும் அங்கே போனார்கள். நான் டீ போட உள்ளே போனேன். கூடத்தில் மாமனாரும் பெட்டியும் மட்டும்.

பால் பொங்கி வரும்போது சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பேப்பர் கிழிவது மாதிரி. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடிவந்தேன்.

மடியில் செருகி வைத்திருக்கும் பேனாக்கத்தியால் மாமனார் சீல் ஸ்டிக்கரை அறுத்துவிட்டார். வேட்டைக்காரி டீப்பாய் மேல் நின்றுகொண்டிருந்தாள். மாமனார் துண்டு நுனியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலில் சொத்தை இருக்கிறதா என்று அடியையும் தட்டிப் பார்த்தார்.

"பையன் நல்ல கூச்ச சுபாவமாட்டிருக்குது," என்றார். "பொருளக் காட்டுங்கன்னு கேக்க வாய் வல்ல, அட்டையவே சுத்திச் சுத்திப் பாக்கறான். பல்லப் புடிச்சுப் பாக்காம நம்ம ஊட்டுல எந்த மாட்ட வித்துருக்கறம்? நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாதல்லோ."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் இரண்டு பேரும் நடை ஏறிவிட்டார்கள். பையன் கையில் போன். பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. பிரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

"சீல் பொட்டிச்சோ?"

அவன் வாங்கி வைத்து இன்னொருவருக்கு விற்கிறவன். சீல் போனால் தனக்கு வேண்டாம் என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் கணவர் கெஞ்சினார். பையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மாமனார் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நா எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா அம்மிணி?"

இல்லீங்க மாமா என்று சொல்லியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆமாங்க மாமா. என்ற மாட்ட வித்துப் போட்டீங்க," என்றேன். அடுப்படியில் பால் முழுக்கப் பொங்கி வழிந்து கிடந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர் மாட்டை அவிழ்த்தபோது, நானும் வருகிறேன் என்று நின்றேன். பொம்பளை சந்தைக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முன்னால் நடந்தார்.

சந்தையில் ஒரு தரகர் வந்தார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டார், நாலடி நடக்கவிட்டார். பிறகு தோள் துண்டை எடுத்து மாமனாரின் கைமேல் போட வந்தார். எங்கள் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. மாமனார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அம்மிணிகிட்டப் பேசுங்க. மாடு அவளுது."

தரகர் திகைத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். விரல் கணக்கு எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. தரகர் துண்டுக்குள் என் ஐந்து விரலையும் பிடித்து, அப்புறம் ஒன்றைப் பிடித்தார். விரலுக்குப் பத்தாயிரம் கணக்கில் அறுபது. நியாயமான விலைதான். போரை ஆரம்பிக்க அது போதும்.

நான் அவர் கையைத் திருப்பி ஐந்தையும் பிடித்தேன். பிறகு நான்கைப் பிடித்தேன்.

தவறாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து அவர் மறுபடி அறுபது என்றார். நான் மறுபடி தொண்ணூறு. அறுபத்தைந்துக்கு வந்தார். நான் விடவில்லை. ஒரு பிளாஸ்டிக்காரிக்குப் பார்க்காமலே தொண்ணூறு தருவார்கள். சினையாய் நிற்கிற என் மாட்டை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அறுபதா? தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மருமகளுக்கு வெல தெரியலீங்க," என்றார் மாமனாரிடம்.

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. அந்த நேரத்தில் அவருடைய மரங்கள் எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு இருந்திருக்கும்.

"அவ சொன்னா செரியாத்தான் இருக்குமுங்க," என்று சொல்லி, மாட்டை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் போர் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, இந்த வருடம் வேண்டாம் என்றார். அந்தக் கோடையில் கிழக்கு வரிசை முழுக்கக் குருத்து சாய்ந்தது. மரங்களை வெட்டுகிற அன்று ஆட்களோடு அவரும் நின்றார். மத்தியானம் வந்து கையைக் கழுவிக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டயா அம்மிணி?" என்று கேட்டார். ஏற்கெனவே காட்டியிருந்தேன், ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி கட்டுத்தறிக்குப் போனேன்.