சாதிக் பாய் எழுதாமல் விட்ட காரணம்

செய்தி வந்தபோது கோவை பீளமேட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் தரையோடு தரையாகப் படுத்து, டிஷ்வாஷரின் அடித்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சாதிக் பாயின் மகள் நஸ்ரீன். "மாமா, அத்தா காலையில போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாள். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இதைப் படிக்கும் மெக்கானிக் நண்பர்கள் பெரும்பாலும் பாயை அறிந்தவர்கள். உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த நொடியில் எனக்கு அழுகை வரவில்லை. 'நல்லவேளை, அவரிடம் சொல்லிவிட்டேன்' என்ற நினைப்புதான் முதலில் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வெளியேறியது. அதற்குப் பிறகுதான் கண்ணில் நீர் கட்டியது. வீட்டுக்கார அம்மா பதறிப்போய், "ஷாக் அடிச்சுப்போட்டுதுங்களா?" என்று கேட்டார்.

பாயைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீடு வீடாகப் போய் மெஷின் பார்ப்பவர்கள். பாய் எந்த வீட்டுக்கும் போகமாட்டார். கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் அவர் கடை. வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், ஏசி என்று எதன் கண்ட்ரோல் போர்டு கெட்டாலும் அவர் மேசைக்குத்தான் போகும். சரி செய்ய முடிந்தால் சரி செய்வார். முடியாவிட்டால் புதியது எடுத்துக் கொடுத்துவிட்டு, செத்த போர்டை அவரே வைத்துக்கொள்வார். அதன்மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, காதில் செருகிய பென்சிலை எடுத்துச் சாவுக்குக் காரணம் எழுதிச் சுவரில் மாட்டுவார். எறும்பு. மின்னல். உப்புத் தண்ணீர். பல்லி. கடைக்குள் போகிறவர்கள் முதலில் அந்தச் சுவரைத்தான் படிப்பார்கள்.

பெருந்துறையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், போர்டு மின்னலில்தான் போனது என்று அடித்துச் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. இடி விழுந்த சத்தத்தை வீட்டுக்காரரே கேட்டாராம். பாய் மறுத்துப் பேசவில்லை. இடுக்கியால் போர்டின் மூலையிலிருந்து காய்ந்துபோன ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "ஏனுங்க, மின்னலுக்கு வால் இருக்குமுங்களா?" என்றார். பெருந்துறைக்காரரே சிரித்துவிட்டார்.

"போர்டு தானாச் சாவாதுங்க. கொன்னவன் மெஷினுக்குள்ளயே உக்காந்திருப்பான். அவனைப் புடிக்காமப் புதுசு மாட்டுனா, ரெண்டாவது கொலை உங்க கணக்குலதான்" என்பார். இதை அவர் என்னிடம் குறைந்தது நூறு முறையாவது சொல்லியிருப்பார். நானும் நூறு முறை தலையாட்டியிருக்கிறேன்.

அப்படித் தலையாட்டியவன்தான் வடவள்ளியில் போய் அந்தக் காரியத்தைச் செய்தேன். அந்த வீட்டில் மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. வீடு நிறையச் சொந்தம், தொட்டி நிறையப் பாத்திரம், டிஷ்வாஷர் உயிரில்லாமல் நின்றது. வீட்டு அம்மணி வாசலிலேயே, "இன்னைக்குச் செஞ்சு குடுத்துப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். போர்டு போயிருந்தது. பாயிடம் புதியது வாங்கி வந்தேன். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. ஒரு முனைக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கவில்லை. அந்த வீட்டில் போர்வெல் தண்ணீர். ஹீட்டர்மேல் விரல் கனத்துக்கு உப்பு படிந்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் போர்டை மாட்டினேன். அவசரம்தான், வேறு சாக்கு எதுவும் இல்லை.

மெஷின் ஓடியது. அம்மணி கைதட்டினார். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் சூடாகும் கட்டம் வந்ததும் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகிய வாடை. சொந்தபந்தம் எல்லாம் சமையலறை வாசலில் கூடிவிட்டது. அத்தனை பேர் முகத்துக்கு நேரே, "போர்டு குடுத்த ஆளு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வண்டியைக் கிளப்பும் முன் நம் வாட்ஸ்அப் குழுவில், "சாதிக் பாய் கடை போர்டு வாங்காதீங்க, மாட்டுன அன்னைக்கே புகைஞ்சுபோச்சு" என்று போட்டேன். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள்மேல் குறை இல்லை, என்னை நம்பித்தானே செய்தீர்கள். பிறகு கோட்டைமேட்டுக்குப் போய் அந்தப் போர்டைப் பாய் மேசைமேல் வீசினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டை ஒட்டினார். பென்சிலை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. காரணம் எழுதாத பட்டையோடு அதைச் சுவரில் மாட்டிவிட்டு, "சரிங்க" என்றார்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் ஹீட்டரைக் கழற்றி முறைப்படி சோதித்தேன். கசிவு அப்பட்டமாகத் தெரிந்தது. ஹீட்டரை மாற்றி, வேறு இடத்தில் வாங்கிய போர்டை மாட்டியதும் மெஷின் ஒழுங்காக ஓடியது. "நல்லவேளை, அந்த ஆளுகிட்ட மறுபடியும் போவலை" என்றார் அம்மணி. நான் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

பதினோரு மாதம் உண்மையை யாரிடமும் சொல்லாமலே இருந்தேன். பாய் கடையில் கூட்டம் குறைந்தது. இரண்டு வரிசையாகப் போர்டு காத்திருக்கும் மேசையில் ஓரங்கள் காலியாகத் தெரிந்தன. அவர் அளவுக்கு ஏசி போர்டு பார்க்க வேறு ஆள் இல்லாததால், ஊருக்கெல்லாம் போகாதே என்று சொன்ன நான் வெட்கமில்லாமல் அங்கேயே போய்க்கொண்டிருந்தேன். அவரும் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தது. கடைக்கு யார் வந்தாலும் எதிர் டீக்கடையைப் பார்த்து இரண்டு விரல் காட்டுவது அவர் வழக்கம். நான் போனால் ஒரு விரல் காட்டினார். வருகிற ஒரு டீயை என் எதிரிலேயே நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார். சுவரில் அந்த வெற்றுப் பட்டை என்னைப் பார்த்தபடி தொங்கும்.

பிறகு ஒரு நாள் வடவள்ளி அம்மணி போன் செய்தார். மதுக்கரையில் இருக்கும் அவர் தங்கை வீட்டிலும் அதே மெஷின், அதே போர்டு போய்விட்டதாம். "நீங்களே போயிப் பாருங்க. ஆனா அந்தக் கோட்டைமேட்டு பாய்கிட்ட மட்டும் வாங்காதீங்கன்னு தங்கச்சிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார். என் பொய் எனக்கு முன்னால் மதுக்கரை போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே போய் ஹீட்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சோதித்தேன். கெட்ட போர்டைக் கழற்றிக்கொண்டு நேராகக் கோட்டைமேட்டுக்கு வண்டியை விட்டேன்.

பாய் ஒரு போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "பாய், அந்த வடவள்ளிப் போர்டு நல்ல போர்டுங்க. ஹீட்டர் கசிஞ்சிருக்குது. நான் பார்க்காம மாட்டிப்போட்டேன். தப்பு என்னுதுங்க" என்றேன்.

கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"நீங்க மேசையில வீசுனீங்க பாருங்க, அப்பவே. ஹீட்டருக்குப் போற பாதை மட்டும் கருகிக் கெடந்துச்சு. அதுகூடத் தெரியலீன்னா நான் எதுக்குங்க இந்தக் கடையில உக்காந்திருக்கறேன்?"

"அப்பறம் ஏனுங்க பாய் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நான் சொன்னா அது சண்டைங்க. நீங்க சொன்னா முடிஞ்சுபோச்சு." மேசையிலிருந்த ஈயத் துணுக்குகளைத் தட்டிவிட்டு, "ஆனா பதினோரு மாசம் ஆக்குவீங்கன்னு நெனைக்கலை. எனக்குக் கோவமே இல்லீன்னு மட்டும் நெனைச்சுப்போடாதீங்க. நெறைய இருந்துச்சு" என்றார்.

எழுந்துபோய் அந்தப் போர்டைச் சுவரிலிருந்து எடுத்து வந்தார். காதிலிருந்த பென்சிலை நீட்டி, "எழுதுங்க" என்றார். 'ஹீட்டர் கசிவு. சோதிக்காமல் மாட்டியது நாச்சிமுத்து' என்று எழுதினேன். படித்துப் பார்த்தார், பழைய ஆணியிலேயே மாட்டினார். பிறகு எதிர்க் கடையைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அங்கே உட்கார்ந்தபடியே குழுவில் உண்மையை எழுதிப் போட்டேன். மதுக்கரைக்குப் பாய் கொடுத்த போர்டையே மாட்டினேன், அக்கா தங்கை இருவரிடமும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வடவள்ளி அம்மணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

அதற்குப் பிறகு பாய் மூன்று மாதம் இருந்தார். அந்த மூன்று மாதமும் மேசையில் இடமில்லை. "ஏனுங்க நாச்சிமுத்து, நீங்க மன்னிப்புக் கேட்டதுல எனக்கு மத்தியானச் சோறு போச்சுங்களே" என்று கடைசியாகப் போனபோதுகூடத் திட்டினார். அந்தத் திட்டு என் காதில் இருக்கிறது. கூட்டம் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார். அதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை அளந்து சொல்ல முடியாது. இன்னும் நான்கு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்?

கடையை இனி நஸ்ரீனின் கணவர் பார்த்துக்கொள்வார். சுவருக்கு வெள்ளையடிக்கப் போவதால், அவரவர் போர்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னுடையது இப்போது சிங்காநல்லூரில் நான் வைத்திருக்கும் சின்னக் கடையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி தொங்குகிறது. படித்துவிட்டுக் கேட்பவர்களுக்குக் கதையைச் சொல்கிறேன்.

போன வாரம் வடவள்ளியிலிருந்தே அழைப்பு. மெஷின் பாதியில் நிற்கிறதாம். முதலில் ஹீட்டரைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிறகு போர்டுக்கு வரும் ஒரு இணைப்பைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. போன முறை நான் சரியாக அழுத்தி மாட்டாமல் விட்டது. அம்மணி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "தப்பு என்னுதுங்க அம்மணி, நான்தான் லூசா விட்டுப்போட்டேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரவாயில்லையே! இந்தத் தடவை பதினோரு மாசம் ஆவலை" என்றார்.

பாய் இருந்திருந்தால் இதைச் சொல்ல அன்றைக்கே கோட்டைமேட்டுக்குப் போயிருப்பேன். அவரும் கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டு விரல் காட்டியிருப்பார்.