திட்டும்போது இருந்த முகம்

தெருவில் அவளைப் படக்காரி என்பார்கள். அச்சகத்துக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில், ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்களின் முகங்களைக் கரியால் வரைந்து கொடுப்பது அவள் தொழில். வேலை சுத்தம், வாய்தான் தேள்கொடுக்கு என்று கீழே இருக்கும் அச்சகக்காரர் சொல்வார். படம் வாங்கிப் போனவர்கள் யாரும் இரண்டாம் முறை அவள் முகத்தில் விழிக்க ஆசைப்பட்டதில்லை.

அவள் வேலை செய்யும் விதம் அப்படி. வருகிறவர்களைச் சன்னலுக்கு எதிரே முக்காலியில் உட்கார வைப்பாள். களையான முகம், கருணையான கண், எப்போதும் சிரித்த வாய் என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள்.

"போதும். செத்தவங்க எல்லாருக்கும் உங்க வாயில ஒரே மூஞ்சிதான். உயிரோட இருந்தப்ப உங்களை எப்படித் திட்டுவாங்க? அதைத் திட்டிக் காட்டுங்க."

ஒரு லாரி ஓட்டுநர், "எங்கம்மாவை அசிங்கப்படுத்தவா நான் வந்தேன்?" என்று முக்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார். மறுநாள் தானாகவே வந்து உட்கார்ந்தார். "எருமை, எங்கடா போய்த் தொலைஞ்சே" என்று அம்மாவின் குரலில் கத்தினார். அப்போது அவருடைய மேலுதடு ஒரு பக்கம் சுருண்டது, இடது புருவம் ஏறியது. படக்காரிக்கு அது போதுமானதாக இருந்தது.

புகழ்ச்சி இரவல் சட்டை மாதிரி, யாருக்கும் ஏறும். திட்டு அப்படியல்ல. வாங்கியவன் அதைச் சொல் மாறாமல், இழுப்பு மாறாமல் வைத்திருப்பான். திரும்பச் சொல்லும்போது அவன் தாடையும் அந்தச் சொல்லுக்குத் தக்கபடியே திரும்பும். அதில் செத்தவரின் முக எலும்பைப் பிடித்துக்கொண்டு, பிறகு கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் ஆள் வந்துவிடுவார். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. திட்டிக் காட்டுகிறவரின் சொந்த முகம் படத்துக்குள் புகுந்துவிடும். அதனால் ஒருவர் திட்டியதை மட்டும் நம்பி அவள் வரைவதில்லை. கூட இன்னொருவரும் வந்து திட்ட வேண்டும்.

அவளுடைய அப்பாவும் போட்டோ எடுத்துக்கொள்ளாமல் செத்தவர்தான். அவரை அவள் வரைந்ததில்லை. பேச்சு வந்தால் அண்ணனும் அம்மாவும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். அவள் வரைந்த தாள்களை அவர் அடுப்பில் போட்டதும், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "பூமிக்குப் பாரம்" என்றே கூப்பிட்டதும் அந்த வீட்டில் நடக்காத விஷயங்கள். ஆமாம், உன்னிடம் அவர் அப்படித்தான் இருந்தார் என்று வீட்டில் யாராவது ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது கிடைக்காததால் பேச்சையும் போக்குவரத்தையும் நிறுத்திவிட்டிருந்தாள்.

அப்படி இருக்கையில் அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தான். புதிதாக டைல்ஸ் கடை போட்டிருந்தான். கல்லாவுக்கு மேலே மாட்ட அப்பா படம் வேண்டுமாம்.

"சிரிச்ச மாதிரி வேணும்," என்றான்.

"யாரு சிரிச்ச மாதிரி?"

"ஆரம்பிக்காதே. ஊர்ல யார் யாரையோ வரையுற. பெத்த அப்பனை வரைய மாட்டியா?"

"வரையுறேன். என் வழியிலதான் வரைவேன். உட்காரு. அப்பா உன்னை எப்படித் திட்டுவார்?"

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தான்.  அம்மாவைப் பார்த்தான்.

"என்னை அவர் திட்டினதே இல்லையே."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அம்மாவிடம் திரும்பினாள். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றாள்.

"உனக்கு எப்ப இருந்தது?"

சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றி எதிரே சாய்த்து வைத்தாள். தன்னைப் பார்த்துத் தானே திட்ட ஆரம்பித்தாள். "பூமிக்குப் பாரம். நீ கிறுக்குறதைப் பார்த்தா கோழிகூடக் காறித் துப்பும். உன்னை எவன் தலையில கட்டுறது?" குரல் தடித்து இறங்கியது. கழுத்து முன்னால் நீண்டது. கை மட்டும் தாளில் நிற்காமல் ஓடியது. அண்ணன் இரண்டு தடவை "நிறுத்து" என்றான். கோபத்தை இறக்கும் கட்டம் வந்தபோது அவள் இறக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

அம்மா சட்டென்று எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அப்பா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவள் அப்படித்தான் சுவரோரம் ஒதுங்கி நிற்பாள்.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தான். "இது அப்பா இல்ல. இது நீ. கண்ணாடியில நல்லாப் பாரு."

பார்த்தாள். தாடை அவருடையது. கண்ணும் மூக்குத் தண்டும் அவளுடையவை. இன்னொருவர் திட்டாமல் வரைந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் தானே அதைச் செய்திருந்தாள். அதைவிட, தன் கோபம் உட்கார அவர் தாடை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"சரி. உன்கிட்ட எப்படிச் சிரிப்பார்? காட்டு. கடைக்கு வர்றவங்களைப் பார்த்து இளிக்கிற இளிப்பைக் காட்டாதே."

 அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறக்காமல், உடைந்த பல்லை மறைப்பதற்காக மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூக்கால் சிரித்தான். தோள் மட்டும் குலுங்கியது. பார்க்க நன்றாக இல்லை. பொய் சொல்கிறவன் இப்படி அழகில்லாத ஒன்றைக் கட்டிச் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமா. பல்லுக்குக் கூச்சப்படுவார்," என்றாள் அம்மா சுவரோரத்திலிருந்து. அவளும் உதட்டை அதே மாதிரி இழுத்துக் காட்டினாள்.

இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டது. படக்காரி புதுத் தாள் எடுத்தாள். தான் ஒரு நாளும் பார்த்திராத சிரிப்பை, அவர்கள் இருவர் முகத்திலிருந்தும் கோடு கோடாக வாங்கி வரைந்தாள். எங்கேயும் கை பிசகவில்லை, எதையும் குறைக்கவில்லை. முடிந்ததும் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பாதான். அப்படியே அப்பா," என்றான்.

"எடுத்துட்டுப் போ. இந்த ஆளை எனக்குத் தெரியாது."

"கடை திறப்புக்கு வா."

"தெரியாத ஆள் படத்துக்குக் கீழ நான் ஏன் நிக்கணும்?"

அண்ணன் தாளைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். அம்மா நகரவில்லை. முதலில் வரைந்த படத்தைக் கையால் காட்டினாள்.

"அதைக் கொடு."

"எதுக்கு, கிழிச்சுப் போடவா?"

"மாட்டத்தான். சமையல்கட்டுல."

அண்ணன் திரும்பி வந்தான். "அம்மா, அது அப்பா மூஞ்சியே இல்ல. பாதி இவ மூஞ்சி. அதை வீட்ல மாட்டக் கூடாது."

"பாதி அவர்தானே? அது போதும். இவளை அப்படித்தான் பேசினார். நான் அங்கேதான் நின்னுட்டு இருந்தேன். உன் கடையில உன் அப்பா இருக்கட்டும். என் சமையல்கட்டுல என் புருஷன் இருக்கட்டும்."

அண்ணன் படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா தாளைத் தூக்கக் கை நீட்டினாள்.

"ஓரத்தைப் பிடி," என்றாள் படக்காரி. "மூஞ்சியில கை வைக்காதே, கரி கலைஞ்சிடும்."