அண்ணனுக்காக மாட்டிய ஹீட்டர்

விருதுநகரில் ஹீட்டர் வைத்த பழைய கார் ஒன்று ஓடுகிறதென்றால் அது என்னுடையதுதான். கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவரிடம் எங்களைப் பெற்ற அத்தா வாங்கிய உருண்டை விளக்குக் கார். மலைக்குளிருக்காக வைத்த ஹீட்டரை இங்கே யாரும் ஒருநாளும் போட்டதில்லை. அத்தாவுக்குப் பின் கார் அண்ணனிடம் போனது. அண்ணனுக்கு மிளகாய் வத்தல் மண்டி. மூட்டைகளுக்கு நடுவேதான் அந்தக் கார் வருடக்கணக்காக நின்றது.

அம்மாவுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றாள். காலை ஒன்பது மணிக்குக் காரோடு வருகிறேன் என்றார் அண்ணன். சித்திரை மாதம். காற்றாடிகூட இல்லாத வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். "வேணாம்லே, பெரியவன் வந்துருவான்" என்றாள். பெரியவன் வெளியூர் வியாபாரியைக் கூட்டிவரக் காரை ரயிலடிக்கு அனுப்பியிருந்தார். மூன்று மணிக்கு அந்த நாற்காலியிலேயே அம்மா போய்விட்டாள். அவள் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்த என்னையும் நான் மன்னிக்கவில்லை.

மையவாடியில் அம்மாவை அடக்கியபோது எல்லோரும் மூன்று பிடி மண் போட்டோம். அண்ணன் வலது கையால் மண்ணைப் போட்டார், இடது கையால் போனைக் காதில் வைத்துச் சரக்கு விலை பேசினார். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த ஆளை ஒருநாள் வேக வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே கறுவிக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து வழி தானாக வந்தது. காரில் இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. "ஒழுகுற சனியன், நீயே வச்சுக்க" என்று சாவியை என்னிடம் எறிந்தார் அண்ணன்.

மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஹீட்டர் கோர் ஓட்டை பாய். ரெண்டு ஹோசையும் ஒண்ணாச் சேத்து விட்டுட்டா சோலி முடிஞ்சுது. இந்த ஊர்ல ஹீட்டர் எதுக்கு? வேகுறது பத்தாதா?"

"பத்தல. புதுசு மாட்டணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். ஸ்பேனர் எனக்குப் புதிதல்ல. அடுத்த லீவு நாளில் அவரோடு நானும் இறங்கினேன். இஞ்சினைக் குளிர்விக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை, கூலன்டை, வாளியில் வடித்தோம். டேஷ்போர்டைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த தகரப் பெட்டியை வெளியே இழுத்தோம். உள்ளே இருந்த கோர் ரேடியேட்டரின் குட்டிதான். இஞ்சினின் கொதிநீர் அதில் ஓடும், பின்னாலிருந்து ஒரு விசிறி அந்தச் சூட்டை ஆள்மேல் ஊதும். ரேடியேட்டர் பட்டறையில் சொல்லிச் செம்பில் புதிதாகக் கட்டினோம். ஒரு முனையை அடைத்துக் காற்றடித்துத் தொட்டியில் முக்கினோம். ஒரு குமிழி வரவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது.

வேலை முடியும்வரை இருவரும் தும்மிக்கொண்டே இருந்தோம். ஏன் என்று இருவருமே கேட்கவில்லை. வத்தல் ஊரில் தும்மலுக்குக் காரணம் கேட்கிற வழக்கம் கிடையாது. விசிறிக் குழாயைத் தட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே மாட்டினோம்.

இந்தச் சித்திரையில் சிவகாசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. அண்ணனின் புதுக் காரை அவர் மகன்கள் எடுத்துப் போய்விட்டார்கள். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். மூன்று மணிக்குக் கிளம்பினோம். அந்த நேரத்தைக் குறித்தவன் நான்தான். அண்ணன் உட்காரும் இடப்பக்கக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதைச் சுற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றி டிக்கியில் ஒளித்தவனும் நான்தான்.

ஊர் தாண்டியதும் ஹீட்டரைத் திறந்தேன். அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"என்னலே இம்புட்டு வெக்க?"

"இஞ்சின் சூடாகுதுண்ணே. ஹீட்டரப் போட்டாத்தான் தாங்கும். சித்தப் பொறுத்துக்கங்க."

பாதி வழியில், ஆசை அடங்காமல், விசிறியையும் போட்டேன். அண்ணனின் மண்டியில் வருடக்கணக்காகக் குழாய்க்குள் இறங்கியிருந்த வத்தல் பொடி அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. திறந்திருந்தது என் பக்கக் கண்ணாடி மட்டும்தான். அதனால் பொடியெல்லாம் அண்ணனைக் கடந்து நேராக என் முகத்துக்கு வந்தது. எப்படியோ பிரேக்கை மிதித்து ஓரங்கட்டி, விசிறியை நிறுத்திவிட்டு ரோட்டில் விழாத குறையாக இறங்கினேன். கண் திறக்க முடியவில்லை. மூக்கும் வாயும் ஒழுக, விக்கி விக்கி அழுதேன். அண்ணன் சாவகாசமாக இறங்கி, சட்டையிலிருந்த பொடியைத் தட்டினார். முப்பது வருடம் வத்தலில் ஊறிய கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை.

வேலை விட்டுத் திரும்பிய பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று நின்றது. கையெல்லாம் வெள்ளிப் பொடி ஒட்டிய ஒரு அக்கா தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார்.

"ஏண்ணே இப்படி அழுகுறீக? யாரு தவறிட்டாக?"

வத்தல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்கம்மா" என்று வந்தது.

அந்த அக்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு அவுக என்ன வேணும்?"

அண்ணன் சட்டையைத் தட்டுவதை நிறுத்தினார். "எனக்கும் அம்மாதான்" என்றார்.

காய்ந்து கிடந்த அவர் கண்ணை அந்த அக்கா உற்றுப் பார்த்தார். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். அண்ணன் அந்த வேன் மறையும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகத்தைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன். விசிறியை மறுபடி போட்டேன். பொடியெல்லாம் தீர்ந்து வெறும் அனல்தான் வந்தது. அண்ணன் கண்ணாடிக் கைப்பிடி எங்கே என்று கேட்கவில்லை. ஹீட்டரை நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். சிவகாசி வரைக்கும் அவர் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.