பல் டாக்டர் கிளினிக்கில் ஒரு போர் விவாதம்

இன்று சூலூரில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். டிவியில் போர் விவாதம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் கன்னம் வீங்கிய ஓர் அண்ணன். டிவிக்காரர்களையே மிஞ்சினார்.

"இன்னும் என்னங்க பேசிட்டு? உள்ள பூந்து அடிச்சுப்போடோணுங்க!"

எதிரே சிறுமியை மடியில் வைத்திருந்த பெண் தயங்கியபடி சொன்னார்: "ஏனுங்கண்ணா, சவுண்டைக் கொறைக்கலாமுங்களா? இவ அப்பா ஏர்ஃபோர்ஸுங்க, இப்ப எல்லைல இருக்காரு. பாப்பா பயந்துக்கறா."

அண்ணன் எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காத அம்மணி" என்றபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். "வாங்கண்ணா, ஊசி போட்டுப் பல்லை எடுத்தரலாமுங்க."

"ஊசியா? வேண்டாமுங்க. மாத்திரையே போதும், நாளைக்கு வாரேனுங்க!"

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாப்பாவும் சிரித்தாள்.

அடுத்தது என் முறை. நானும் மாத்திரையோடு திரும்பிவிட்டேன். ஊசிக்குப் பயப்படாத வீரர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள், நாளைக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.