மாப்பிள்ளைத் தோழனின் கட்டைவிரல்

எங்கள் எதிர்வீட்டு ஸ்டோர்கீப்பரைப் பற்றி வரலாறு ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. ஆகவே அந்தக் கடமை என் தலையில் விழுகிறது. பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பு. கையெழுத்து வாங்காமல் ஒரு வாஷரைக்கூட வெளியே விடமாட்டார். முதலாளியே வந்து நின்றாலும் "சீட்டு எங்க சார்?" என்பார். இப்படிப்பட்டவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் வெளிநாடு போய்த்தான் சொன்னார். உள்நாட்டில் அதற்குத் தைரியம் போதவில்லை.

பொய்க்குக் காரணம் ஃபிளாஷ். பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பனின் பட்டப்பெயர் அது. ஸ்டோர்கீப்பரின் கல்யாணத்துக்கு இரவல் கேமராவோடு வந்த ஃபிளாஷ், "தங்கச்சி கல்யாணத்துக்குப் போய் நான் காசு வாங்குவேனா?" என்று மணப்பெண்ணை மேடையிலேயே தங்கையாகத் தத்தெடுத்து, படமாக எடுத்துத் தள்ளினான். ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை பளிச்சென்று இருந்தார். பக்கத்தில், மணப்பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கட்டைவிரல் இருந்தது. நுனி வெளிப்பக்கமாக வளைந்த, நல்ல ஆரோக்கியமான விரல். ஒரு படத்தில் அது மாமியாரையும் சேர்த்து மறைத்திருந்தது. அதற்காக ஸ்டோர்கீப்பர் இன்றுவரை வருத்தம் தெரிவித்ததில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் மனைவி ஆல்பத்தை விரித்து, கட்டைவிரலைத் தொட்டுக் காட்டி, "இதுதான் நான்" என்பார். கூடவே ஒரு நிரந்தர உத்தரவும் உண்டு: "அந்த ஆளு நிழல்கூட நம்ம மேல படக்கூடாது." ஃபிளாஷோ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் வெளிநாட்டுக்குப் போய், ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

புது மெஷின் பழக ஸ்டோர்கீப்பரைக் கம்பெனி அனுப்பிவைத்தது அதே நகரத்துக்கு. ஒருநாள் லீவு கிடைத்தது. "மாப்ளே, ஊரைச் சுத்திக் காட்டுறேன் வா" என்று ஃபிளாஷ் கூப்பிட்டான். அதே நேரத்தில் வீட்டிலிருந்து மனைவி அம்மையாரின் குரல்: "ரூம்ல படுத்துத் தூங்காம நாலு இடம் பாருங்க. பார்த்ததுக்கு ஃபோட்டோ வேணும். நீங்களும் அதுல இருக்கணும்."

ஃபிளாஷோடு சுற்றுகிற விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அம்மையார் கோபம் வந்தால் கத்துகிறவர் அல்ல, பேச்சை நிறுத்திவிடுவார். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது, உப்பு டப்பா எங்கே இருக்கும் என்று விசாரிக்க ஸ்டோர்கீப்பர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் மணிக்கூண்டு. ஸ்டோர்கீப்பர் தாமே கையை நீட்டி ஃபோனில் எடுத்துப் பார்த்தார். இரண்டு மூக்குத் துவாரங்களும், அவற்றுக்கு நடுவே தூரத்தில் மணிக்கூண்டும் விழுந்தன.

"குடு மாப்ளே, நான் எடுக்கிறேன்."

"நீயா மச்சான்?"

"அட, எடுக்கிறவன் எப்படிப் படத்துல விழுவான்? பின்னாடிதானே நிக்கிறேன்?"

இந்தத் தர்க்கத்தில் ஸ்டோர்கீப்பருக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. படத்திலும் தெரியவில்லை, கண்ணாடியை அறையில் மறந்துவிட்டு வந்திருந்தார். அப்படியே அனுப்பினார்.

"யாருங்க எடுத்தது?" என்று அம்மையார் குரல் வந்தது.

"யாரோ டூரிஸ்ட்டும்மா."

அடுத்து அருங்காட்சியகம். ஃபிளாஷ் எதைப் பார்த்தாலும் "இது ரொம்பப் பழசு மாப்ளே" என்று விளக்கம் சொன்னான். கையும் தலையும் போன சிலைகளைப் பார்த்து ஸ்டோர்கீப்பர் மனம் நொந்தார். "டேமேஜ்னு எழுதித் தள்ளாம, லைட் வேற போட்டு வச்சிருக்கானே! இங்க ஸ்டோர் இன்சார்ஜ் யாரு?" என்றார். அங்கேயும் ஒரு படம்.

"இதையும் டூரிஸ்ட்டா எடுத்தாரு?"

"இது வேற டூரிஸ்ட்டும்மா."

இரண்டு பொய் ஆயிற்றே என்று கேட்காதீர்கள். பொய் ஒன்றுதான், டூரிஸ்ட்தான் இரண்டு.

மூன்றாவது, ஆற்றுப் பாலம். படம் போய்ச் சேர்ந்த உடனே ஃபோன் அடித்தது.

"என்னங்க, பக்கத்துல இருக்கிறவருகிட்ட குடுங்க."

"பக்கத்துல யாரும்மா? தனியாத்தான்..."

"மணிக்கூண்டுல பாதியைக் காணோம். சிலைக்குத் தலையைக் காணோம்."

"அது சிலைக்கே இல்லம்மா."

"பாலத்துக்கு ஒரு கரைதான் இருக்கு. இன்னொரு கரையில இருக்கிறதை நான் கல்யாணத்துலேர்ந்து பார்த்துட்டு வர்றேன். அண்ணன்கிட்ட குடுங்க."

ஃபிளாஷ் ஃபோனைச் சுடுகிற இஸ்திரிப்பெட்டி மாதிரி வாங்கினான். "தங்கச்சி..."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? மாலை மாத்துறப்ப நான் ரொம்ப அழகா சிரிச்சேன்னு எங்க அக்கா சொன்னா. அதை நான் பார்த்ததே இல்ல."

"தப்புதான் தங்கச்சி. உன் முன்னால வந்து நிக்க மூஞ்சி இல்ல."

"எனக்கும்தான் இல்ல, அந்த ஆல்பத்துல! இப்ப பாலத்துல நில்லுங்க. ரெண்டு கையும் நல்லாத் தெரியுற மாதிரி கும்பிடுங்க. அவரு படம் எடுத்து அனுப்பட்டும். மன்னிக்கிறதா வேணாமான்னு மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஃபிளாஷ் இருக்கிற நாலு முடியையும் படிய வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட விரிப்பு மாதிரி விறைப்பாக நின்று கும்பிட்டான். ஸ்டோர்கீப்பர் இரண்டு கையாலும் ஃபோனை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, எடுத்து அனுப்பினார்.

பதில் இல்லை. ஸ்டோர்கீப்பருக்கு உப்பு டப்பா ஞாபகம் வந்தது. ஃபிளாஷ் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

கடைசியில் வந்தது சிரிப்பு. அடக்க முடியாத, புரையேறுகிற சிரிப்பு.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலயா உட்கார்ந்து படிச்சீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"

"கும்பிட்ட கை மட்டும்தான் தெரியுது. அண்ணன் மூஞ்சி எங்க?"

போன வாரம் அந்த ஆல்பத்தை எனக்கு மறுபடியும் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் புதிதாகப் பாலத்துப் படம். அம்மையார் அதில் விழுந்திருந்த ஸ்டோர்கீப்பரின் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டி, "இதுதான் எங்க அண்ணன்" என்றார்.